திம்மப்பன் விழுந்த விதம்

திம்மப்பனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் ஓசூரில் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனால் அவனைப் பற்றி முதன்முதலில் நோட்டில் எழுதியவன் நான். அதையும் தப்பாக எழுதியவன். அதனால் இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பும் என்னுடையதுதான்.

ஐம்பத்தேழாம் வருஷம். நான் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் நாராயணப்பன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவேன். ஓசூரில் அதெல்லாம் ஒரு பெருமையே இல்லை, கீரைக்காரிக்கும் மூன்றும் வரும். அந்தக் கோடை விடுமுறையில் ராமப்பன் என்று ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஊத்தங்கரைக்காரர், சென்னையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். குஸ்தியைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கப் போகிறாராம். குஸ்தியில் என்னய்யா ஆராய்ச்சி? ஒருவன் தள்ளுகிறான், ஒருவன் விழுகிறான். முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன்.

"அந்த விழறதுலதாங்க சார் விஷயமே இருக்கு," என்றார் அவர். தெலுங்கும் கன்னடமும் அவருக்கு வராது. பேசவும் குறிப்பெடுக்கவும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் என்னைக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கூட்டிப்போனார். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு குஸ்தி கம்பெனி கூடாரம் போட்டிருந்தது. 'பஞ்சாப் சிங்கம்' என்று விளம்பரம். அந்தச் சிங்கத்துக்குச் சொந்த ஊர் தர்மபுரி, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது, தாடிகூட ஒட்டினதுதான். அதனோடு மோதுவது 'மைசூர்ப் புலி'. நம்ம திம்மப்பன்தான் அந்தப் புலி. மத்திகிரிப் பக்கத்து ஆள். ராகி இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் கருகிப்போகவே கம்பெனியில் சேர்ந்தவன், நாலு வருஷமாகத் தினமும் தோற்றுக்கொண்டிருந்தான்.

எப்பேர்ப்பட்ட தோல்வி தெரியுமா! சிங்கம் அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டதும் திம்மப்பன் ஆகாயத்துக்குப் போனான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மரத்தூள் தூவிய பலகையில் மல்லாக்க வந்து விழுந்தான். கூடாரமே அதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் "அய்யோ, முதுகு போச்சே!" என்று அலறினாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ராமப்பன் என் முழங்கையை இடித்தார். "குதிகாலைப் பாத்தீங்களா? சிங்கம் தூக்கல சார். இவரே குதிகாலை எழுப்பி உந்திக் குடுத்தாரு. நெசப் பிடியில எவனும் குதிகாலைத் தரையிலிருந்து எடுக்க மாட்டான்."

அடுத்த ஆட்டத்தில் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்குத்தான் எனக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று புரிந்தது. அவர் நோட்டில் இரண்டு பத்தி இருந்தது: ஒன்று 'மெய்', இன்னொன்று 'காட்சி'. குதிகால் எழும்பினால் காட்சி. ஒரு மாதம் பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்கும் சிங்காரப்பேட்டைக்கும் அலைந்து அந்தப் பத்திகளை நிரப்பினோம். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நடந்து போகிறவர்களின் குதிகாலைக்கூட முறைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தக் கம்பெனி வேலூர்ப் பக்கம் கிளம்பியபோது திம்மப்பன் கூடப் போகவில்லை. காரணம் கேட்டதற்கு ஒரு விஷயம்தான் சொன்னான்.

"கூடாரத்துல மரத்தூள் போட்டிருப்பாங்க சார். உழுந்து எழுந்தா முதுகுல, நடுவாந்தரத்துல ஒட்டிக்கும். நம்ம கை அங்க எட்டாது. தட்டிவுட ஆள் இல்ல. வூட்டுக்குப் போனா முனிலட்சுமி சட்டையக் கழட்டச் சொல்லித் தட்டுவா. இன்னிக்கி மூணு தரம் உழுந்தியான்னு கேப்பா. பொண்டாட்டி தட்டறது வேற சார். எங்க கரடிமனையில தட்டறது வேற."

கரடிமனை என்றால் எங்கள் பக்கத்தில் குஸ்திப் பயிற்சிக் கூடம். கன்னடத்திலிருந்து வந்த பெயர், கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே ஆஞ்சநேயர் படம், அதற்கு ஒரு விளக்கு, நடுவில் எண்ணெயும் மோரும் மஞ்சளும் விட்டுப் பிசைந்த செம்மண் குழி. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. தோற்றவன் முதுகில் ஒட்டிய மண்ணை ஜெயித்தவன்தான் தன் சொந்தத் துண்டால் தட்டிவிட வேண்டும். தட்டிவிட்டால் அது உண்மையான பிடி, தோற்றவனும் ஆள்தான் என்று அர்த்தம். திம்மப்பன் பதினைந்து வயதிலிருந்து அந்த மண்ணில் புரண்டவன். கூடாரத்துக்குப் போனதும் கரடிமனையின் குரு, உஸ்தாத் கிருஷ்ணப்பன், அவனை வாசலோடு நிறுத்திவிட்டார். திரும்ப அந்தக் குழியில் இறங்க வேண்டும், அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ராமப்பன் அவனுக்காக உஸ்தாதிடம் பேசப் போனார், நானும் போனேன். அங்கே இருந்த பயில்வான்களில் எல்லப்பன்தான் அதிகம் குதித்தான். அப்போது அவனை அடிக்க அந்தச் சுற்று வட்டாரத்தில் ஆள் இல்லை.

"காட்சி காட்டினவனுக்கு இங்க என்ன வேலை? அவன் முதுக நான் தொட மாட்டேன்," என்றான்.

உஸ்தாத் மீசையைத் தடவிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம காலைல வரச் சொல்லுங்க. எல்லப்பனோட பிடிக்கட்டும். ஜெயிக்கணும்னு நான் சொல்லல. நெசமாப் பிடிச்சாப் போதும், உள்ள வரலாம். கூடார வேலை காட்டினான்னா இந்தத் தெருப்பக்கமே வரக் கூடாது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கரடிமனை நிறையக் கூட்டம். திம்மப்பன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினான். எனக்கே பாவமாக இருந்தது. நோட்டு என் மடியில், பேனா கையில். ராமப்பன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் ஐந்து நிமிஷம் திம்மப்பன் அப்படிப் பிடிப்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லப்பனைவிட இருபது பவுண்டு எடை குறைவு. ஆனாலும் ஒரு தடவை அவனை முழங்கால் போட வைத்துவிட்டான். உஸ்தாத் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆறாவது நிமிஷம் எல்லப்பன் உள்ளே புகுந்து இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டான். திம்மப்பன் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

அப்போது அவன் குதிகால் எழும்பியது.

ஐயோ, அதே கூடாரத்து விழுகைதான். ஆகாயத்துக்குப் போய் மல்லாக்க வந்து விழுந்தான். பின்னாலிருந்து எவனோ "ஓஹோ, மைசூர்ப் புலி!" என்று கத்தினான். சிரிப்பு கிளம்பியது. உஸ்தாத் முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டார். ராமப்பன் என்னிடம், "எழுதாதீங்க, கொஞ்சம் இருங்க," என்றார். நான் இருப்பேனா? குதிகாலை என் இரண்டு கண்ணால் பார்த்தேனே! 'காட்சி' என்று மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

திம்மப்பன் எழுந்து தன் காலையே பார்த்தான். "நான் உட்டுக் குடுக்கலீங்க உஸ்தாதே," என்றான். "காலு தானா எழும்பிருச்சி. நான் உடல." யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. முதுகு முழுக்கச் செம்மண்ணோடு அவன் குழியின் நடுவிலேயே நின்றான். வெளியே போனால் திரும்ப வர முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

எல்லப்பன் கிணற்றடிக்குப் போயிருந்தான். ஒரு வாளி தண்ணீர் சேந்தியவன் அதைத் தலையில் ஊற்றாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தான். நேராக உஸ்தாதிடம் போய் வலது மணிக்கட்டை நீட்டினான். நாலு விரலும் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. ஒரு நகம் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது.

"இதப் பாருங்க. உட்டுக் குடுக்கறவன் மொதல்ல கையத்தான் உடுவான். இவன் உழுந்தப்பறமும் உடல. நான்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சி எடுத்தேன்."

"குதிகாலு எழும்பிச்சே," என்றார் உஸ்தாத்.

"நாலு வருசம் அதே வேலை செஞ்ச காலுங்க. பழகின வண்டிமாடு மாதிரி அதுபாட்டுக்குப் போயிருச்சி. இவன் போகச் சொல்லல. அத நான் பழக்கி எடுக்கறேன்."

உஸ்தாத் எல்லப்பனின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ரத்தத்தின் மேல் ஒரு சிட்டிகை மஞ்சளை வைத்து அழுத்தினார். எல்லப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு மாதம் குதிகாலைப் பார்க்கக் கற்றுக்கொண்டவன், அந்த நேரத்தில் அவன் கையைப் பார்க்கத் தோன்றவில்லையே! 'காட்சி'யை அடித்து 'மெய்' என்று எழுதினேன். மை காயாததால் பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. ராமப்பன் பார்த்தார். அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

குழிக்குள்ளே எல்லப்பன் துண்டால் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். அடிக்கிற மாதிரிதான் தட்டினான், முரட்டுப் பயல். திம்மப்பன் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றான். மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் மண்ணில் சொட்டியது.

"போதுமா?" என்றான் எல்லப்பன்.

"இல்லண்ணா," என்றான் திம்மப்பன். "இன்னும் கொஞ்சம் மேல. அங்கதான் எனக்கு எட்டாது."