கேட்டால் மட்டும் பதில்

தில்லி ஜனக்புரியில் பயணக் காப்பீடு விற்ற அந்த முகவருக்கு ஐம்பது வயதிருக்கும். சஃபாரி சூட், நெற்றியில் சந்தனம். சங்கடமான கேள்வி வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தாய்லாந்துத் தீவில் ஆழ்கடலில் ஸ்கூபா டைவிங் செய்ய மறுநாள் கிளம்புகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பாலிசியை நீட்டி, "ஜல்தி, சீக்கிரம் கையெழுத்துப் போடும்மா" என்றார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். கேட்காமல் கையெழுத்திட மாட்டேன்.

"கடலுக்கடியில ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரிச் செலவு இதுல வருமா சார்?"

கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார்.

"வராது. அதுக்கான பாலிசி எங்கிட்ட இல்ல, பக்கத்து ஆபீஸ்ல இருக்கு."

"நான் கேக்கலைன்னா?"

"சொல்லியிருக்க மாட்டேன்மா."

கோபத்தோடு பக்கத்து அலுவலகத்துக்குப் போனேன். 'வரும்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த ஒரு பொய்யை ஏன் சொல்லவில்லை என்பது இன்றும் புரியவில்லை.