பதின்மூன்று அடி

கல்லூரி மலருக்காக என் தங்கை முத்துமாரியைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நாற்பது வருடம் வேலை பார்த்தேன். தேதியும் அளவும் பிசகாமல் எழுதுவேன். அதற்கு மேல் எனக்கு வராது.

அவள் 1967இல் பிறந்தாள். எங்கள் தெருவில் ஒரு பெண் கொஞ்சம் வேகமாக நடந்தாலே என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அவள் பாலாற்று மணலில் வெறுங்காலோடு ஓடினாள். கல்லூரியில் சேர்ந்த பிறகு, 1986 டிசம்பர் 12ஆம் தேதி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அவள் கல்லூரி மைதானத்திலேயே நடந்தது. நானூறு மீட்டரை 59.6 விநாடியில் ஓடி முடித்தாள். எங்கள் ஜில்லாவில் ஒரு நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண் என்று பேப்பரில் நான்கு வரி வந்தது. பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீக்கடையில் நாலு பேருக்குக் காட்டினார். "ஓடட்டும் வுடு" என்றார். அந்த நேரத்தை வைத்துத்தான் 1988இல் அதே கல்லூரி அவளை விளையாட்டு ஆசிரியையாக எடுத்தது.

முப்பத்தேழு வருடம் வேலை செய்தாள். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பாள். கல்லூரிப் பெண்கள் மட்டுமல்ல, ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களும் வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் அவளிடம் ஓடினார்கள், கபடி ஆடினார்கள். முழு டிராக் பேன்ட்டும் தலையில் துணியும் போட்டுக்கொண்டு ஓடினால் என்ன குறை என்று வாணியம்பாடி வரை வீடு வீடாகப் போய்ப் பேசினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு பெண்ணின் நேரத்தையும் நோட்டில் எழுதுவாள். பெண்கள் அவளுக்கு 'அம்பத்தொம்போது மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்லூரி வராந்தாப் பலகையில் அந்த 59.6ஐ யாராலும் அழிக்க முடியவில்லை. ஓய்வு பெறுவதற்குள் தன் பிள்ளைகளில் ஒருத்தி அதை அழிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

கடைசியாக கௌசர் வந்தாள். பி.காம். மூன்றாம் வருடம். அவள் அப்பா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறார். "மேடம் ரெக்கார்டை உடைச்சா மேல படிக்கட்டும். இல்லாட்டி கம்பெனிதான்" என்று சொல்லிவிட்டார். 2025 ஜனவரியில் விளையாட்டு விழா. 60.1 விநாடி.

"அரை செகண்டுடி! வெறும் அரை செகண்டு ஜாஸ்தி!" என்றாள் தங்கை. கௌசர் தரையில் உட்கார்ந்து அழுதாள். "நான் ஓடறப்ப காலுக்கு ஷூ கூட இல்ல, தெரியுமா?" என்று தங்கை அதட்டினாள். பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் தலையைத் தூக்கவில்லை.

காரணத்தை எழுதிவிடுகிறேன். 1986 போட்டிக்கு மைதானத்தை அளந்து கோடு போட்டவன் நான். சுண்ணாம்பு எங்கள் தோல் ஷாப்பிலிருந்து வந்தது. கொட்டகை போட வைத்திருந்த ஐம்பது அடித் துணி டேப்பும் அங்கிருந்துதான் எடுத்தேன். அதில் தோல் நாற்றம். பெண்கள் கல்லூரிக்குள் அந்த நாற்றத்தோடு போய்த் தங்கச்சியின் மானத்தை வாங்கக் கூடாது என்று, முதல் நாள் டேப்பைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, அலசி, வெயிலில் காயப் போட்டேன். பிறகு ஒரு அங்குலம் பிசகாமல் அளந்தேன். அடுத்த வருடம் கம்பெனியில் கொட்டகைக்குக் கால் நட்டபோது உத்திரம் பொருந்தவில்லை. இரும்பு டேப்போடு வைத்துப் பார்த்தால் துணி டேப் அரை அடி சுருங்கியிருந்தது. நானூறு மீட்டருக்கு அந்த டேப்பை இருபத்தாறு முறை விரித்திருக்கிறேன். பதின்மூன்று அடி குறைவு. 1995இல் மைதானத்தைச் சமன்படுத்தி இரும்பு டேப்பால் அளந்து புதிதாகக் கோடு போட்டார்கள். அதன் பிறகு ஓடிய பெண்கள் எல்லோரும் முழு நானூறு மீட்டர் ஓடினார்கள்.

அவளுக்கு வேலை கிடைத்ததும் கல்யாணப் பேச்சு ஓய்ந்ததும் அந்த எண்ணால்தான். அதனால் நான் வாய் திறக்கவில்லை. மலருக்கு எழுத உட்கார்ந்தபோது 59.6 என்று என் கையால் எழுத முடியவில்லை. மார்ச் மாதம் ஒரு ஞாயிறு காலை, அவள் பழைய நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"மாரி, நீ ஓடன அன்னிக்கு கிரவுண்டு சின்னது."

"எவ்ளோ?"

"பதிமூணு அடி." டேப்பைத் துவைத்ததையும் சொன்னேன்.

நோட்டின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டாள். "அப்ப எனக்கு அறுபது புள்ளி ரெண்டு" என்றாள். ரெக்கார்டு போனதற்கு அழுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தாள்.

"பங்கஜம், தொண்ணூத்தொம்போது. அறுபது புள்ளி ஒண்ணு. சானியா, ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. சரியா அறுபது. இப்ப கௌசர்." விரலை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பங்கஜத்துக்கு நான் இன்னா சொல்லி அனுப்புனேன் தெரியுமாண்ணா? உனக்குக் காலு இருக்குது, மனசுதான் பத்தலைன்னேன். அதோட அவ கிரவுண்டு பக்கமே வரல."

அவள் நோட்டை மூடினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எம்பத்தேழுல."

"அரை இஞ்சு பிசகுனா சோறு இறங்காதே உனக்கு. முப்பத்தெட்டு வருசம் எப்படிண்ணா இறங்குச்சு?"

மறுநாள் கல்லூரி முதல்வரிடம் போய்ப் பலகையில் தன் பெயரை அழிக்கச் சொன்னாள். "ரிட்டயர் ஆவற நேரத்துல ஏன் மேடம் இந்த பேஜார்?" என்று அவர் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு கௌசர் வீட்டுக்குப் போனாள். கௌசர் பிப்ரவரியிலேயே கம்பெனியில் சேர்ந்துவிட்டிருந்தாள். தேர்வுக்கு மட்டும் போய் வருவதாக ஏற்பாடு. விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. தங்கை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப அன்னிக்கே நான் ஜெயிச்சுட்டேனா மேடம்?"

"ஆமாடி."

கௌசர் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். "ரம்ஜான் முடிஞ்சதும் நிக்காஹ், மேடம். பேசி முடிச்சாச்சு. ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா..." என்று நிறுத்தி, எங்களுக்கு டீ போடச் சொல்ல உள்ளே போனார். ரெண்டு மாதம் முன்னால் நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

பஸ்ஸில் தங்கை முன்சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். வீட்டில் இப்போதும் எனக்குச் சோறு போடுகிறாள். அளவாகப் பேசுகிறாள். பங்கஜத்தின் இப்போதைய விலாசத்தை மட்டும் என்னைத் தேடித் தரச் சொல்லியிருக்கிறாள். பள்ளிகொண்டா பக்கம் என்பது வரை தெரிந்திருக்கிறது.

மலர்க் குழுவினர் இடம் போதாவிட்டால் இதில் எதையும் வெட்டலாம். இதை மட்டும் வெட்டக் கூடாது: நானூறு மீட்டரில் முதல் இடம் சானியா, 60.0. அடுத்து பங்கஜமும் கௌசரும், 60.1. அதற்குப் பிறகுதான் என் தங்கை.