கண்டக்டர் கையில் சொரியாசிஸ்

கண்டக்டர் வேலையில் முகத்தைக்கூட மறைத்துக்கொள்ளலாம், கையை மறைக்க முடியாது. எழுபதுகளில் பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாக ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். அப்போதுதான் என் இரண்டு கையிலும் சொரியாசிஸ் வெள்ளைச் செதில் செதிலாக வந்து உட்கார்ந்தது. முழங்கையைச் சொறிந்துகொண்டே இதைப் படிக்கும் சகாக்களே, உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

சீட்டு மேல வைங்க

தினமும் தயிர்க்கூடையோடு ஏறும் ஒரு அம்மா, ஒருநாள் நான் நீட்டிய டிக்கெட்டை வாங்காமல் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "அந்த சீட்டு மேல வெச்சுருங்க, நானே எடுத்துக்கறனுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் போனதும் அரிப்பு ஏறியது, அரிப்பு ஏறியதும் இன்னும் தூக்கம் போயிற்று. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூடாதென்று ஊர் பேரைக் கூவுவதையே நிறுத்திவிட்டு, விசிலை மட்டும் ஊதினேன். டிரைவர் பொன்னுச்சாமி சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏப்பா ராமசாமி, எல்லா ஊருக்கும் ஒரே விசில ஊதுனா சனம் எங்கப்பா எறங்கும்?"

டாக்டர் கேட்டது

பொன்னுச்சாமியே என்னைப் பாலக்காட்டில் ஒரு தோல் டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனார். டாக்டர் மலையாளி, எனக்காகத் தமிழ் பேசினார். "இது பகராது. யாரைத் தொட்டாலும் ஒட்டாது, பேடிக்க வேண்டாம்" என்றவர், கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்து, "மனசு எப்படி இருக்கு? வீட்டுல பேசறது உண்டோ?" என்று கேட்டார். தோலுக்கு மருந்து கேட்கப் போனவன், அங்கேயே தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். வீட்டில் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

வீடு வந்ததும் என் மனைவி சரஸ்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு ஒட்டிவிடுமோ என்ற பயத்தில்தான் மாட்டுக்கொட்டகையில் போய்ப் படுத்ததையும் சொன்னேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவினாள். பிறகு சொன்னாள்: "என்னையப் புடிக்காமத்தான் தள்ளிப் படுக்கறீங்கன்னு நெனச்சு, நாந்தானுங்க இத்தன நாளா தூங்காம கெடந்தேன்."

தார் வாசம்

டாக்டர் கொடுத்தது தார் களிம்பு. தினமும் விடிந்ததும் சரஸ்வதி பூசிவிடுவாள். நான் ஏறினால் பஸ் முழுக்க வாசம் தூக்கும். ஒரு விவசாயி மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏனுங்க கண்டக்டரு, எந்தப் பக்கமுங்க ரோடு போடறாங்க?" என்று கேட்டார்.

பழைய ராமசாமியாக இருந்தால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி ஓடியிருப்பேன். அன்று என்னவோ சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டி, "இங்கதானுங்க போடறாங்க, ஒட்டாத வியாதிதானுங்க" என்றேன். அவர் என் கையை உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அவர் சொன்னார்: "மிச்சமிருந்தா எங்கூரு ரோட்டுக்கும் கொஞ்சம் பூசியுடுங்க, குண்டும் குழியுமா கெடக்குது."

சின்னக்கானல்காரர்

ஒருநாள் முழுக்கைச் சட்டைக்காரர் ஒருவர் மீனாட்சிபுரத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, ஊர் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மூணாறு பக்கம் சின்னக்கானலில் தேயிலை எஸ்டேட்டில் வேலையாம். தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்தவர், ஜன்னல் வழியே கல்யாணக் கூட்டத்தைப் பார்த்ததும் பயந்துபோய், "வேண்டாம் அண்ணாச்சி, இப்படியே திரும்பிப் போயிடுதேன்" என்றார். சட்டைக்கை ஓரத்தில் அதே வெள்ளைச் செதில்.

நான் என் கையைக் காட்டினேன். என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்குமா! நான் எனக்கு மட்டுந்தான்னுல்லா நெனச்சேன்" என்றார். பொன்னுச்சாமி வண்டியை நகர்த்தவே இல்லை, அவர் இறங்கிய பிறகுதான் எடுத்தார்.

சாயங்காலம் திரும்பும்போது நெற்றி நிறையச் சந்தனத்தோடு அதே ஆள் ஏறினார். எப்படி இருந்தது என்று கேட்டேன். வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "பந்தியில பக்கத்துல இருந்தவரு என் கையப் பாக்கவே இல்ல அண்ணாச்சி, என் எலையில இருந்த பாயசத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு!"

சொரியாசிஸ் இன்றும் டிக்கெட் வாங்காமல் என்னோடு பயணம் செய்துகொண்டுதான் இருக்கிறது, டிரைவர் சீட்டில் மட்டும் அதை நான் உட்கார விடுவதில்லை.