அண்ணனின் விரல் நுனிகள்

எண்பதுகளில் அண்ணன் ஆரணிக் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தான். கம்பியை அழுத்தி அழுத்தி இடக்கை விரல் நுனிகள் காய்த்துவிட்டன. கம்பியை ஓரமாக இழுத்து ஸ்வரத்தை அழவைப்பான். அது சாவு வீடுகளில் அம்மா பாடும் ஒப்பாரியிலிருந்து வந்தது.

வேலூர் மெல்லிசைக் குழு ஒன்று ஆள் சேர்ப்பதற்காக அவனை வாசித்துக் காட்டச் சொன்ன வாரத்தில் எங்கள் தறிக்குப் புதுப் பாவு, நெடுக ஓடும் இழைகளின் கட்டு, வந்தது. பழைய பாவின் ஒவ்வொரு பட்டு இழையோடும் புது இழையை விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். அதற்குத் தேவை நல்ல கண், இழை வழுக்காமலிருக்கக் கொஞ்சம் சாம்பல், வழவழப்பான விரல். அப்பாவுக்குக் கண் மங்கியிருந்ததால் அண்ணன்தான் உட்கார்ந்தான். காய்ப்பில் மாட்டி இழைகள் அறுந்தன.

"கையாடா இது, அரமா?" என்றார் அப்பா.

"நாலு நாளு பொறுங்கப்பா. வேலூர் போய்ட்டு வந்துடறேன், அதுக்கப்புறம் விரலைத் தேய்ச்சிக்கறேன்."

"முகூர்த்தப் பொடவைடா. நீ வாசிச்சிட்டு வர்ற வரைக்கும் தாலி கட்டாம ஒக்காந்துகினு இருப்பாங்களா?"

அண்ணன் கிணற்றடியில் செங்கல் துண்டில் விரல்களைத் தேய்த்தான். பாலிடெக்னிக் பட்டறையில் உப்புத்தாள் பிடித்துப் பழகிய நான், "மேல்தோலோட நிறுத்துண்ணா" என்றேன். சிவந்த இளந்தோல் தெரியும்வரை அவன் நிறுத்தவில்லை. அதன்பின் ஓர் இழைகூட அறவில்லை.

வேலூரில் முதல் பாட்டிலேயே தோல் கிழிந்து கம்பியில் ரத்தம் வழுக்கியதாம்.

"இப்பதான் கத்துகினு இருக்கியா தம்பி?" என்று குழுத் தலைவர் கேட்டிருக்கிறார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் பஸ் ஏறிவிட்டான்.