கரி பஸ்ஸில் கொண்டுபோன தட்டு

நரிக்குடிக்குத் தெற்கே இரண்டு மைலில் எங்கள் ஊர். சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியும் முன்பே அருப்புக்கோட்டைக்குப் புறப்பட்டேன். இடையில் திருச்சுழி. எல்லாம் சேர்த்து இருபது மைலுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். அந்தப் பக்கம் போகாதவர்களுக்கு இது ஒரு தூரமா என்று தோன்றும். சித்திரையில் போய்ப் பார்த்தால் தெரியும்.

கையில் புளிச்சோற்று மூட்டையும் ஒரு தட்டும் இருந்தன. சோறு சாப்பிடும் தட்டு இல்லை, பாட்டுப் பிளேட்டு. கறுப்பாக, வட்டமாக, நடுவில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். அதைப் பழைய சேலையில் நாலு சுற்றுச் சுற்றி வைத்திருந்தேன். என் மகன் செல்லையா கிட்டார் வாசித்த பிளேட்டு அது. மார்கழியில் பட்டணத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி முற்றி அவன் போய்விட்டான். உடன் தங்கியிருந்த பையன் ஒருவன் அவனுடைய இரண்டு சட்டையையும், கம்பிமேல் தேய்க்கிற உருக்குக் கட்டையையும், இந்தப் பிளேட்டையும் ஊருக்கு வந்த ஆள் மூலம் கொடுத்துவிட்டான். கிட்டாரை வைத்தியச் செலவுக்கு விற்றுவிட்டார்களாம். கூட ஒரு கடிதமும் இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். ‘இது கீழே விழுந்தால் மண்சட்டி மாதிரி உடைந்துவிடும். அருப்புக்கோட்டையில் எங்களோடு நாடகக் கம்பெனியில் அர்மோனியம் வாசித்த சென்னப்பர் வீட்டில் பாட்டுப் பெட்டி இருக்கிறது. அங்கே போனால் கேட்கலாம்’ என்று எழுதியிருந்தது.

நான் அவன் வாசித்துக் கேட்டதே இல்லை. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

காலை ஏழு மணிக்கு நரிக்குடியில் பஸ் நின்றது. உலகச் சண்டையால் பெட்ரோல் கிடையாது. எல்லாம் கரி பஸ்தான். வண்டியின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு தகர உருளை. அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, ஒரு ஆள் அரை மணி நேரம் காற்றாடியைச் சுற்றினான். பிறகுதான் என்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. சீட்டு ஒன்பதணா.

வண்டிக்குள் நெருக்கடி. ஆட்டு வியாபாரிகள், மிளகாய் மூட்டை, கைப்பிள்ளைக்காரிகள். ஆனால் கடைசிப் பலகை மட்டும் காலியாகக் கிடந்தது. அதற்குப் பின்னால்தான் கரி உருளை. தகரம் தோசைக்கல்லாகக் காயும், யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கோ, நெருக்கித் தள்ளுகிறவர்கள் இல்லாத அந்த இடம்தான் பிளேட்டுக்குப் பத்திரம் என்று பட்டது. நேரே போய் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “ஏத்தா, முன்னால வா. அங்க இருந்தா வெந்து போவ.”

“நான் வெயில்லயே பெறந்து வெயில்லயே களையெடுத்தவ. உன் கரி என்னை என்ன செஞ்சுரும்?” என்றேன்.

வண்டியே சிரித்தது. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

மடியில் வைத்தால் ஒவ்வொரு குழிக்கும் பிளேட்டு துள்ளியது. அதனால் அதை நிமிர்த்தி என் முதுகுக்கும் பின்தகரத்துக்கும் நடுவே செருகி, நன்றாகச் சாய்ந்துகொண்டேன். இனி விழ வழியில்லை. முதுகு காந்தியது. பொறுத்துக்கொண்டேன்.

வழி நெடுகப் பார்க்க ஒன்றுமில்லை. கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தது. உடை மரமும் பனையும்தான் பச்சை. அறுத்த கம்பந்தட்டையில் ஆடுகள் வாயை வைத்துவிட்டு எடுத்தன. பக்கத்து வரிசை ஆட்டு வியாபாரி மூட்டையில் என்ன என்று கேட்டார். சொன்னேன். சோற்றுக்கே அரிசி அளந்து கொடுக்கிற காலத்தில் பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவி டவுனுக்குப் போகிறாளே என்று அவர் முன்னால் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார்.  மகன் செத்தவள் என்று சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பார். அப்படி வாங்குகிற மரியாதை எனக்கு வேண்டாம்.

திருச்சுழியில் ஒன்பதரை. கரி போட்டுக் கிளற முக்கால் மணி ஆயிற்று. எல்லோரும் இறங்கி நிழலுக்குப் போனார்கள். குண்டாறு வெறும் மணலாகக் கிடந்தது. ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். பிளேட்டை விட்டுவிட்டு நான் இறங்கவில்லை. பின்னால் அனல் ஏற ஏற இன்னும் அழுத்திச் சாய்ந்தேன்.

அப்படி உட்கார்ந்திருக்கையில் நினைத்தது இதுதான். பத்து வயதில் செல்லையா மண்ணெண்ணெய்த் தகரத்தில் கம்பி கட்டித் தட்டுவான். ஒருநாள் அதைப் பிடுங்கி அடுப்புக்குள் போட்டு, “தகரம் தட்டுறவனுக்கு இந்த வீட்ல சோறு இல்ல” என்றேன். பதினாறு வயதில் ரங்கூனுக்கு அரிசி மில் வேலைக்குப் போனான். அப்புறம் ஒரே ஒரு தடவை, ஒரு தை மாதம், கிட்டார் வைத்த கறுப்புப் பெட்டியோடு ஊருக்கு வந்தான். பெட்டியை நடுவீட்டு ஆணியில் மாட்டினான். இரண்டு நாள் இருந்தான். அவனாகத் திறக்கட்டும் என்று நான் இருந்தேன். நான் கேட்கட்டும் என்று அவன் இருந்திருப்பான். மூன்றாம் நாள் பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு “வாரேன்த்தா” என்றான். அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு அருப்புக்கோட்டை. பஸ்ஸடியிலிருந்து நெசவுக்காரத் தெரு அரை மைல். தறிச் சத்தம் கேட்டு வழி கண்டுபிடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் தெருவே ஊமையாக இருந்தது. நூல் கிடைக்கவில்லையாம், ஆட்கள் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரைக் கேட்டுத்தான் வீட்டைப் பிடித்தேன்.

சென்னப்பர் ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். செல்லையாவின் தாய் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். சம்சாரத்திடம் அவர்கள் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் காப்பி கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை அவர் கிட்டார்க்காரர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் புதுச் சேதி.

ரங்கூனில் செல்லையாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கோவாக்காரராம். பேசாத படம் ஓடிய காலத்தில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தவர். திரையில் ஒருத்தி அழுதால் இவர் கம்பி அழுமாம். படம் பார்க்க வந்தவர்களும் அழுவார்களாம். பேசும் படம் வந்ததும் அந்தக் கொட்டகை வாசிப்புக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். பிறகு கப்பல்களில் டான்ஸுக்கு வாசிக்கப் போனவர் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. மதுரையில் ஒரு சட்டைக்காரர், வெள்ளைக்கார வம்சம் கலந்தவர், ரயில் என்ஜினில் கரி போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை கிறிஸ்தவக் கோயிலில் வேதப் பாட்டு, சாயங்காலம் கிளப்பில் ஆட்டப் பாட்டு, இரண்டுக்கும் ஒரே கிட்டார். அவரிடம்தான் செல்லையா வெள்ளைக்காரச் சுரம் படிக்கக் கற்றான். கரி அள்ளி அள்ளி அந்த மனிதரின் விரல்கள் மடங்காமல் போயின. கடைசியில் கிட்டாரை வீட்டுச் சுவரில் மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“நம்ம செல்லையா நாடகத்துல வாசிச்சப்ப, பாடுறவுகளை உக்காரச் சொல்லிட்டு இவனை வாசிக்கச் சொல்லுவாங்க. கொழும்புல ஒரு ஓட்டல்ல வாசிச்சான். முன்வாசல் வழியா உள்ள விட மாட்டாங்க. பூந்தொட்டிக்குப் பின்னால உக்காந்து வாசிக்கணும். அப்புறம்தான் பட்டணத்துல பிளேட்டுக் கம்பெனிக்குப் போனான்” என்றார்.

பிளேட்டில் அவன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன். சிவப்புக் காகிதத்தை இரண்டு பக்கமும் எழுத்துக் கூட்டித் தேடியிருந்தேன். பாடினவள் பெயர்தான் இருந்தது.

“கிட்டார்க்காரனுக்குப் பேரு போடுறதில்லத்தா” என்றார். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

பிறகு சேலையை அவிழ்த்தார். நாலாவது சுற்று அவிழ்ந்ததும் கை நின்றுவிட்டது. பிளேட்டை ஒரு கண்ணுக்கு நேராகப் பிடித்து ஓரம் பார்த்தார். எனக்கும் தெரிந்தது. அடுப்பில் காட்டிய அப்பளம் மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தது.

“எப்படிக் கொண்டாந்தீக?”

சொன்னேன்.

அவர் பிளேட்டைச் சேலைமேல் மெல்லப் படுக்க வைத்தார். இது அரக்கில் செய்ததாம்; சூடு பட்டால் இளகிவிடுமாம். கடிதத்தில் உடையும் என்று எழுதினவன் இளகும் என்று எழுதவில்லை. நான் சூடு தாங்குவேன். பிளேட்டு தாங்குமா என்று யோசிக்கவில்லை. அந்த வளைவைத் தொட்டுப் பார்த்தேன். அது என் முதுகின் வளைவு.

“இதை நேராக்கலாம்த்தா. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு, வெயில்ல காட்டிப் பாரம் ஏத்துனா படியும். ஆனா பாட்டுக் கோடு அழிஞ்சாலும் அழிஞ்சுரும், விண்டாலும் விண்டுரும். அப்பறம் ஒண்ணுமே கேக்காது. இப்படியே போட்டா ஊசி ஏறி எறங்கி ஓடும். பாட்டு கோணலாத்தான் வரும். எப்படிச் செய்யலாம்னு நீங்கதான் சொல்லணும்.”

அவனாகப் பெட்டியைத் திறக்கட்டும் என்று ஒரு தடவை இரண்டு நாள் காத்திருந்து பார்த்தவள் நான். “கோணலா இருந்தாலும் இன்னைக்கே போடுங்க” என்றேன்.

சண்டையில் ஊசியும் வருவதில்லை. உடைமுள்ளைச் சீவி ஊசியாக வைத்திருந்தார். சாவி கொடுத்தார், முள்ளை இறக்கினார். பாடினவளின் குரல் தள்ளாடித் தள்ளாடி வந்தது, மேட்டில் ஏறுகிறவள் மூச்சு வாங்குகிற மாதிரி. சென்னப்பர் முகத்தைச் சுளித்தார். அவள் முதலடி பாடி நிறுத்தினாள். அதற்குப் பிறகு கம்பி மட்டும் கேட்டது.

எனக்கு இசை தெரியாது. எங்கள் ஊரில் பிணத்தைத் தூக்கும்போது பெண்கள் ஒரு குரலை இழுப்பார்கள். தொண்டையில் தொடங்கி, கீழே இறங்கி, விட மனமில்லாமல் மறுபடி ஏறும். அந்த மாதிரி இழுத்தான். அவனுடைய பத்து வயதில் நான் அடுப்பில் போட்ட தகரத்தில் இருந்தது இதுதானா என்று தெரியவில்லை. முள் மேட்டில் ஏறி இறங்கியது. கம்பியும் ஏறி இறங்கியது.

“இதுல எது அவன் வாசிச்சது, எது நான் வளைச்சது?” என்று கேட்டேன்.

சென்னப்பர் பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டார். “அந்த அம்மா குரல்ல பிரிச்சுச் சொல்லிரலாம்த்தா. இவனோடதுல என்னால பிரிக்க முடியல” என்றார்.

இன்னொரு முறை போடட்டுமா என்றார். முள் தேய்ந்தால் வேறு சீவலாம், கோடு தேய்ந்தால் என்ன செய்வது. வேண்டாம் என்றேன்.

மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பினேன். அதே கண்டக்டர். நானாகவே முன்பலகையில் இடம் கேட்டேன். அவர் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். பிளேட்டை மடியில் படுக்கப் போட்டு, இரண்டு கையையும் அடியில் கொடுத்துக்கொண்டேன். திருச்சுழி தாண்டியதும், பக்கத்தில் இருந்த மிளகாய்க்காரி என்ன அது என்றாள். என் மகன் கிட்டார் வாசித்தது என்றேன். அதுவரை யாரிடமும் கிட்டார் என்கிற அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை.

அருப்புக்கோட்டையில் அந்தப் பெட்டி இருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை. இருபது மைலுக்கு இப்புறம் இந்தப் பிளேட்டு வாயைத் திறக்காது. நடுவீட்டில் அவன் பெட்டியை மாட்டிய அதே ஆணியில் துணிப் பையில் போட்டு மாட்டியிருக்கிறேன். வெயில் படாத சுவர். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் கேட்கிறவரை இப்போதெல்லாம் நான் காத்திருப்பதில்லை. எடுத்து, அவிழ்த்துக் காட்டிவிடுகிறேன்.