தீயில்லாத புகையை அளந்த நாள்

ஒரு நாள் காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பித்தான் போடுவதற்கே மூச்சு வாங்கியது. "சீசன் வேலை, அசதிதான்" என்றார். சமாளிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவர் போர்மேன். தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று ஆட்களைத் தடவிப் பார்த்து உள்ளே விடுகிறவரே அவர்தான். அப்படிப்பட்டவர் சிகரெட்டை விட்டுவிட்டு மின் சிகரெட்டுக்கு (பேட்டரியில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் குழல்) மாறினார். தடை செய்த பொருள். யாரோ தெரிந்தவர் வாங்கித் தந்தார். "இதுல தீயே கெடையாது செல்வி" என்றார். எங்கள் ஊரில் ஆபத்து என்றால் தீதான். எனக்கும் அது சரியென்றே பட்டது. மாம்பழ வாசனை வேறு.

மூச்சுத் திணறல் முற்றியதும் விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரலும் பனி படிந்த கண்ணாடி போலத் தெரிந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெடிமருந்துத் தூளைத் திட்டினார்கள். அவரும் சேர்ந்து திட்டினார். குழலைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நான்தான் டாக்டரிடம் போட்டு உடைத்தேன்.

"தூசின்னா மெல்ல மெல்ல அரிக்கும்மா. இது திடுதிப்புன்னு வந்திருக்கு. மறுபடி இழுத்தாருன்னா நுரையீரல் தாங்காது" என்றார் டாக்டர். ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) கொடுத்தார்.

தேறி வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது அந்தக் குழலைத்தான்.

"தீ இல்லாம எப்படிப் புள்ள கருகும்? எல்லாம் தூளு பண்ணுன வேலை."

செத்துப் பிழைத்த மனிதர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "தூளா குழலாங்கிறத அளந்தே பாத்துருவோம், வாங்க" என்றேன். டாக்டர் சொன்ன மதுரை ஆய்வுக்கூடத்துக்கு அவரையும் குழலையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே மேசைமேல் ஒரு புகைக்கும் இயந்திரம் இருந்தது. அதன் பம்பு குழலின் ஆவியை இழுத்துக் கண்ணாடிக் குப்பியில் இருக்கும் திரவத்துக்குள் விடும். பிறகு அந்தத் திரவத்தைச் சோதிப்பார்கள்.

"சார் எப்படி இழுப்பாரோ அதே மாதிரி இதுல வைக்கணும்க்கா" என்றாள் அங்கிருந்த ஆய்வாளர் பெண்.

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலேயே படுத்துக் கிடந்த எனக்குத் தெரிந்தது. நீளமாக ஓர் இழுப்பு, ஓர் அடக்கல், பிறகு இரண்டு சின்ன இழுப்பு. மேசையில் தட்டிக் காட்டினேன். அவள் பொத்தான்களை அழுத்தினாள். "இன்னும் கொஞ்சம் மெதுவா" என்று திருத்தினேன்.

இயந்திரம் என் கணவரைப் போலவே இழுக்கத் தொடங்கியது. கண்ணை மூடினால் எங்கள் படுக்கையறை, திறந்தால் இழுப்பது வெறும் இயந்திரம். குப்பியில் குமிழிகள் வந்தன. மாம்பழ வாசனை எழுந்தது.

"இதுல அப்படி என்னம்மா இருக்கும்?" என்று அவர் கேட்டார்.

"ஃபார்மால்டிஹைடு இருக்கலாம் சார், பிணம் கெடாம இருக்க மருந்து ஏத்துவாங்களே, அதுல உள்ளது. அக்ரோலின், எண்ணெய் கருகும்போது கண்ண எரிக்குமே, அது. குழலுக்குள்ள சூடேத்துற கம்பிச் சுருள்லருந்து நிக்கல், ஈயம்."

"தீ இல்லயேம்மா?"

"சூடு போதும் சார்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நெஞ்சு இயந்திரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நீளமாக ஒன்று, அடக்கல், சின்னதாக இரண்டு. என் கையை இறுகப் பிடித்தார்.

"செல்வி, அத நிப்பாட்டச் சொல்லு. எனக்குத் தனியா மூச்சு வரமாட்டேங்குது."

பம்பு நின்றது. அவர் நெஞ்சும் நின்றது. எவ்வளவு நேரமென்று தெரியாது. எனக்கு அந்த நேரம் இன்னும் முடியவில்லை. பிறகு கோணல்மாணலாக ஒரு மூச்சை அவராகவே இழுத்தார், இருமினார். நான் வாய்விட்டு அழுதேன்.

அந்தப் பெண் பெயர் சொன்ன எல்லாமே அதில் இருந்ததாகப் பிறகு முடிவு வந்தது. அதற்குள் அவரே குழலை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தார்.

உங்கள் வீட்டிலும் யாராவது இழுத்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இப்போது அவர் மாடி ஏறுகிறார், பாதியில் நின்று நின்றுதான்.

போன வாரம் அவர் மல்லாங்கிணறு ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். மத்தியானம் நான் தனியாகப் படுத்திருந்தேன். என் நெஞ்சு நீளமாக ஓர் இழுப்பு இழுத்தது. அடக்கியது. பிறகு, நான் எவ்வளவு தடுத்தும், சின்னதாக இரண்டு.