வெறும் வயிற்றில் நடக்கக் கூடாதவர்

அப்புத்துரை கோகுலன் (1986–2023). பிறந்ததும் வாழ்ந்ததும் முள்ளியவளையில், தொழில் நெற்செய்கை.

பள்ளிக்கூடத்து மரதன் ஓட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் பாதிவழியில் உட்கார்ந்துவிடுவார். 'சோத்து மாடு' என்ற பட்டம் அப்போது ஒட்டியது. சாப்பிட்ட பின் எவருக்கும் சளைக்காமல் மண்வெட்டி பிடிப்பார். பசியோடு நெடுநேரம் நின்றால் தொடைகள் கல்லாக இறுகிவிடும். 2021 மாசியில், காலை உணவின்றி அறுவடைக்கு நின்ற அன்று, சிறுநீர் சாயத் தேநீரின் நிறத்தில் போயிற்று. வைத்தியசாலைக் கட்டிலருகே நின்ற மனைவி விமலேஸ்வரி, "தாயே, இவர் எழும்பினால் மூண்டு நாள் பட்டினி கிடந்து, உன்ர கோயில்வரைக்கும் நடந்து காவடி எடுப்பார்" என்று நேர்ந்தார். அவர் எழும்பினார்.

காரணம் தெரிய ஒன்றரை ஆண்டாயிற்று. உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இழைமணி என்றோர் அடுப்பு இருக்கிறது என்றார் வைத்தியர். சோற்றின் வெல்லம் தீர்ந்தால் கொழுப்புத்தான் அதற்கு விறகு. அந்த விறகை உள்ளே சேர்ப்பிக்கும் நொதியம் கோகுலனுக்குப் பிறவியிலேயே குறைவு. பட்டினியோடு உழைத்தால் தசை உடைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்தில்லை, நேரத்துக்குச் சோறு.

விமலேஸ்வரியின் காதில் பட்டினி என்ற ஒரு சொல்லே நின்றது.

கோயிற் பூசகர், "சாப்பிட்டிட்டே எடுக்கட்டும், அம்மன் கோவிக்கமாட்டா" என்றார். கோகுலன் கேட்கவில்லை. 2023 சித்திரையில் மகள் லக்சிகாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்ததும், தீராத நேர்த்திதான் பிள்ளையைப் பிடித்ததென்று முடிவு செய்துவிட்டார்.

"நான் எடுக்கிறன். நீங்கள் வீட்டில இருங்கோ."

"நீர் நேர்ந்தது என்ர காலையல்லோ. இப்ப நீர் போனால், சோதினையில ஆள்மாறாட்டம் மாதிரியெல்லே இருக்கும்."

"இந்தக் குளுக்கோசையாவது குடியுங்கோ."

"குடிச்சால் அது விரதமே? சோத்து மாடு எண்டவங்களும் ஒருக்காப் பாக்கட்டும்."

யூன் 5, திங்கட்கிழமை, அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் திருவிழா. காவடிக்குப் பின்னால் குளுக்கோசுப் போத்தலோடு விமலேஸ்வரி நடந்தார். கண்கள் கணவரின் கெண்டைக்கால்களை விட்டு அகலவில்லை. பறை வேகமெடுக்க அவை துடிப்பதைக் கண்டார். அத்தனை சனத்துக்குள் கைபிடித்து நிறுத்த அவரால் முடியவில்லை. கோகுலன் விழவில்லை. காவடியை இறக்கி, கும்பிட்டு, பொங்கல் வாங்கி உண்டார். மாலையில் சிறுநீர் கறுத்தது. மறுநாள் அது நின்றுபோயிற்று. வைத்தியசாலையில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் இரண்டு முறை போட்டார்கள்.

2023 யூன் 9ஆம் திகதி, தம் வாழ்வின் கடைசிக் காலையில், மனைவி நீட்டிய குளுக்கோசை, கோப்பையைத் தாமே பிடித்து, அடிவரை குடித்தார்.